இடமில்லை என்று சொல்லச் சொன்னார்கள்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள் அவள். புருஷன் சரக்கு வேன் ஓட்டினான். அவளுடைய அப்பா இறந்தபோது, "லோடு இருக்கு" என்று சொல்லிவிட்டு அவன் சாவு வீட்டுக்கு வரவே இல்லை. அன்றோடு அவளுக்கு அவன்மேல் மனசு விட்டுப்போயிற்று.

பிரிந்துவிடலாம் என்று முடிவு செய்து, வீட்டு வசதி அலுவலகத்தில் போய் விசாரித்தாள். மூன்று பேர் குடும்பம் என்று அரசு வீடு கேட்டு அவளும் புருஷனும் கொடுத்த மனு அங்கே வருடக்கணக்காக வரிசையில் கிடந்தது.

"பிரிஞ்சா இந்த மனு செல்லாதும்மா," என்றாள் கவுண்டரில் இருந்த அதிகாரி. "புதுசா எழுதிக் குடுத்துக் கடைசியில போய் நிக்கணும். வாடகைக்கு அரசு தர்ற உதவியும் நின்னுடும். திரும்ப விசாரிச்சுத்தான் குடுப்பாங்க."

உதவி நின்றால் மறுமாதமே தெருதான். மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. திரும்பி வந்தவள், புருஷனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் வேன் சாவியை ஆணியில் மாட்டினான்.

"சரி. வீடு வர்ற வரைக்கும் இருப்போம். வந்ததும் நான் போயிடறேன்."

இருந்ததே ஒரு வாடகை அறை. நடுவில் கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டார்கள். ஜன்னல் பக்கம் தாயும் மகளும், கதவுப் பக்கம் அவன். பேச்சுவார்த்தை எல்லாம் மகள் மூலமாகத்தான். "அப்பாவைச் சாப்பிடச் சொல்லு." "கேஸ் தீரப்போகுதுன்னு அம்மாகிட்ட சொல்லு." ஒருநாள் மகள் புத்தகத்தைப் பட்டென்று மூடி, "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது? எனக்கு நாளைக்குப் பரீட்சை!" என்று கத்தினாள். போர்வைக்கு அந்தப் பக்கம் அவன் சிரிப்பை அடக்குவது அம்மாக்காரிக்குக் கேட்டது. இவளும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போன வருடம் வீடு வந்தது. ஐந்தாவது மாடி, இரண்டு படுக்கையறை. அவனே வேனில் சாமான்களை ஏற்றி வந்தான். பீரோவை முதுகில் சுமந்து மேலே கொண்டுவந்தான். குளியலறைத் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. உட்கார்ந்து அதையும் சரி செய்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"எங்க படுப்பீங்க?" வருடங்களுக்குப் பிறகு அவனிடம் அவள் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது.

"வேன்லதான்."

அவளுக்கு என்னவோ போலிருந்தது. காத்திருந்த வருடங்களில் பாதி அவனுடையதும்தானே.

"அந்த ரூம் சும்மாதானே கிடக்கு. உங்களுக்குன்னு ஒரு இடம் கிடைக்கிற வரைக்கும் இருங்க. புருஷனா இல்ல. சும்மா இருங்க."

அடுத்த வாரம், வீட்டு வரிசையில் அவன் பெயரைத் தனியாகப் பதிய இருவரும் அலுவலகம் போனார்கள். அதே அதிகாரிதான். தலை நரைத்திருந்தது.

"இவர் உங்க வீட்லதானே தங்கியிருக்கார்? தலைக்கு மேல கூரை இருக்கிற ஆளை எப்படிப் பதியறது? இவருக்கு உங்க வீட்ல இடமில்லைன்னு நீங்க சொல்லணும். அப்புறம் இவர் அங்க தங்கக் கூடாது. வந்து பாப்பாங்க."

"மூணு பேருக்குன்னு குடுத்த எங்க வீடு போயிடுமா?" என்று கேட்டாள் அவள்.

"வயசுப் பொண்ணு இருக்கு, அது உங்களுக்குத்தான். நீங்க இதைச் சொல்லுங்க."

சலவைக்கூடத்து நீராவிக்குள் நின்றபடி அவள் மனசுக்குள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்த வாக்கியம் அது. இப்போது அவள் கவுண்டர் விளிம்பில் ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றாள்.

"சொல்லு," என்றான் அவன் தணிந்த குரலில். "இல்லாட்டி நான் கடைசி வரைக்கும் உன் வீட்டு விருந்தாளிதான்."

"இவருக்கு என் வீட்ல இடமில்ல."

"கேக்கலம்மா."

மறுபடியும் சொன்னாள். அதிகாரி கணினியில் தட்டிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே அவன் பையோடு கிளம்பிவிட்டான். வேனைச் சரக்குக் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்தி அதில் படுத்துக்கொள்கிறான். ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்க வருவான். கூடத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்துவிட்டு, இருட்டுவதற்குள் எழுந்துவிடுவான்.

"வரிசை எங்க வந்திருக்கு?" என்று அவள் கேட்பாள்.

"நகருது," என்பான்.

மழை பிடித்துக்கொண்டபோது, வேனின் மேல்தகடு ஒழுகுகிறது என்று மகள் வந்து சொன்னாள். சலவைக்கூடத்தில் கழித்துப் போட்டிருந்த ரப்பர் விரிப்பு ஒன்றை மேஸ்திரியிடம் கெஞ்சி வாங்கி, வெந்நீரில் அலசி, வேலை முடிந்ததும் அவளே கொட்டகைக்கு எடுத்துப் போனாள். ஆளுக்கொரு முனையைப் பிடித்து வேன்மேல் இழுத்துக் கட்டினார்கள்.