திங்கட்கிழமைக் கனவு

நானும் அக்காவும் ஒரே தூக்க ஆய்வு மையத்தில் வேலை பார்க்கிறோம். அங்கே தூங்க வருகிறவர்கள் விழித்ததும் சொல்லும் கனவை அக்கா கணினியில் தட்டுவாள். கணினிக்குக் காவல் நான். கனவு ஒரு மணி நேரத்தில் கலைந்துவிடும். மறுநாள் கேட்டால் சொன்னவருக்கே தெரியாது.

ஞாயிறுதோறும் கணினி மொத்தத்தையும் அப்படியே பிரதி எடுப்பேன். அதற்கு இமேஜ் பேக்கப் என்று பெயர். மற்ற நாட்களில், முந்தின நாளுக்குப் பிறகு மாறியது மட்டும். ஒரு பிரதி மேசையடி டிஸ்க்கில், இன்னொன்று இணையத்தில் எங்கோ இருக்கும் கிளவுடில். "மேகத்துல போட்டா மழையில கரைஞ்சிடாதாடா?" என்றாள் அக்கா. நான் விளக்கவில்லை. விளக்கினால் தூங்கிவிடுவாள், அந்தக் கட்டடத்தின் ராசி அப்படி.

புதன்கிழமை டிஸ்க் நிரம்பியது. திங்கட்கிழமைத் துண்டு சின்னதுதானே என்று அழித்தேன். கிளவுடும் சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளையாய், டிஸ்க்கைப் பார்த்துத் தன்னிடமிருந்த திங்களையும் அழித்தது. வெள்ளிக்கிழமை கணினி கண்ணை மூடிவிட்டது. செவ்வாய் திங்களின் மேல் நிற்கிறது, புதன் செவ்வாயின் மேல். கீழ்ப்படி போனபின் மேல்படியில் யார் நிற்பது? ஞாயிறு மட்டும் திரும்பி வந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை. நான் யானையுமில்லை.

திங்கள் காலை கனவு சொன்னவர்களில் ஒருவர் பஸ் டிரைவர். மனைவி இறந்து இரண்டு வருடத்தில் அன்றுதான் முதல்முறையாகக் கனவில் வந்தாளாம். "எழுதி வைங்கம்மா, சனிக்கிழமை வந்து வாங்கிக்கிறேன்" என்று அக்காவிடம் சொல்லிப் போயிருந்தார்.

அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால் செல்போனை நீட்டினாள்.

"நீதானேடா இமேஜ் பேக்கப்னு சொன்னே? அது படத்தை மட்டும்தான் எடுத்து வைக்கும்போலன்னு, தட்டின பக்கத்தையெல்லாம் நானே படம் புடிச்சு வச்சேன்."

"அக்கா, அது அந்தப் படம் இல்லக்கா..." என்று தொடங்கி அழுதுவிட்டேன்.

ஒவ்வொரு படத்திலும் திரையில் விழுந்த அவள் முகம் எழுத்துக்கு மேல் மங்கலாக மிதந்தது. ஒன்றில் ஜன்னல் துணி தெரிந்தது, ஒன்றில் வானம். பார்க்கப் பார்க்க எனக்கே தூக்கம் வரும் போலிருந்தது. டிரைவரின் பக்கத்தில் மட்டும் கடைசி வரி மேல் வெயில் பட்டு வெறும் வெள்ளையாக இருந்தது. அந்த வரி அக்காவுக்கும் ஞாபகமில்லை. அன்று காலை ஆறு பேரின் கனவைத் தட்டியிருந்தாள்.

சனிக்கிழமை அவர் வந்தார். தப்பு என்னுடையது என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் படத்தைக் கொடுத்தேன். மெல்ல வாய்விட்டு வாசித்தார்.

"பஸ்ஸுல யாருமில்ல. ரோட்டுல முழங்கால் தண்ணி, ஆனா வண்டி சத்தமே இல்லாம போகுது. ஸ்டாப்புல அவ குடையோட நிக்கிறா. நான் கதவைத் திறக்கிறேன்."

வெள்ளையில் அவர் விரல் நின்றுவிட்டது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் மறுபடி முதல் வரியிலிருந்து வாசித்தார். கதவு திறக்கிற இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

"'மெதுவா எடுங்க, நான் இன்னும் ஏறல'ன்னு அவ சொன்னா," என்றார்.