கைப்பையில் இருந்த இன்னொரு மாத்திரை

என் கணவர் தங்கராஜுவின் நாடி முப்பத்தெட்டிலேயே நின்றது. பினாங்கு அரசாங்க மருத்துவமனையில் சேர்த்து மூன்று நாளாகியும் ஏறவில்லை. கிளினிக்கில் கொடுத்த, துடிப்பைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்தியும் பலனில்லை, நெஞ்சில் பேஸ்மேக்கர் வைக்க வேண்டும், நாளைக் காலையில் கையெழுத்துப் போடுங்கள் என்றார் டாக்டர்.

தலையாட்டினேன். அந்த மூன்று நாளும் சாப்பாட்டுக்குப் பிறகு, நர்ஸ் பார்க்காத நேரத்தில், வேறொரு மாத்திரையை அவர் வாயில் போட்டுக்கொண்டிருந்தவளும் நான்தான்.

திட்டாதீர்கள், கேளுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் சும்மா கொடுக்கிற மருந்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால் பாலம் தாண்டி புக்கிட் மெர்தாஜாமில் ஒரு பிரைவேட் டாக்டரிடம் இவரை இழுத்துக்கொண்டு போனேன். வேறு மருந்து சாப்பிடுகிறாரா என்று அவர் கேட்டபோது, இவர் வாய் திறக்குமுன் நானே இல்லை என்றேன். அவர் கொடுத்த மாத்திரையையும் கிளினிக் மருந்தோடு சேர்த்தே கொடுத்துவந்தேன். இங்கேயும் சொல்லவில்லை. சொன்னால் ஏசுவார்கள், இனி மருந்தே தரமாட்டார்கள் என்று பயம்.

டாக்டர் கையெழுத்துக் கேட்ட அன்று மத்தியானம் மருந்தாளர் நூர்ஜான் கட்டிலருகே வந்தாள்.

"அங்கிள், வீட்டுல வேற ஏதாச்சும் மருந்து சாப்புடுறீங்களா? பிரைவேட் மருந்து, ஜாமு மூலிகை, எதுன்னாலும் சொல்லுங்க. ஏச மாட்டேன்லா."

அவர் என்னைப் பார்த்தார். "இல்லம்மா," என்றார்.

நெஞ்சைக் கிழித்து மெஷின் வைக்கப்போகிறார்கள். அப்போதும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் படுத்திருக்கிறார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏங்க பொய் சொல்றீங்க?" என்று அவர்மேலேயே பாய்ந்தேன், என்னவோ நான் அரிச்சந்திரன் வீட்டுப் பெண் மாதிரி. கைப்பையைக் கட்டில்மேல் கொட்டினேன்.

நூர்ஜான் மாத்திரை அட்டையை எடுத்து இரண்டு தடவை படித்தாள்.

"வெராபமில். கடைசியா எப்ப குடுத்தீங்க ஆன்ட்டி?"

"இப்பதாம்மா. சோத்துக்கு அப்புறம்."

"கிளினிக்ல குடுத்ததும் துடிப்பைக் குறைக்கும், இதுவும் குறைக்கும். ரெண்டும் சேர்ந்து அங்கிள் ஹார்ட்டை அமுக்கிருச்சு. அத நாங்க நிறுத்திட்டோம், இத நீங்க நிறுத்தலை. ஹார்ட்டே கெட்டுப்போச்சுன்னு இப்ப சொல்ல முடியாது. இருங்க, டாக்டரக் கூப்புடுறேன்."

டாக்டர் வந்து மலாயில் பத்து நிமிடம் என்னை வறுத்தெடுத்தார். வாழ்க்கையில் எந்த ஏச்சும் எனக்கு இவ்வளவு நிம்மதியைக் கொடுத்ததில்லை. ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள். இரவும் பகலும் இவர் நெஞ்சில் வயர்களை ஒட்டிக் கவனித்தார்கள். நாற்பத்தாறு. ஐம்பத்திரண்டு. மூன்றாம் நாள் காலையில் அறுபத்து நான்கு. மெஷின் வேண்டாம், நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். அவர் நகர்ந்ததும் இவர் பக்கம் திரும்பினேன்.

"நான் சொல்லாம இருந்திருந்தா மெஷின் வச்சிருப்பாங்களே, அப்ப என்னா செஞ்சிருப்பீங்க?" என்று கேட்டேன்.

"வச்சா வச்சிட்டுப் போறாங்க. எல்லார் முன்னுக்கும் ஒன்னைய ஏசுறதை என்னால பாக்க முடியாது," என்றார்.

பைத்தியக்கார மனுஷன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதேன். நர்ஸ் பதறிப்போய் ஓடிவந்து அவர் நாடியைப் பார்த்தாள். எழுபத்திரண்டு இருந்தது.