உப்பு ஜாடி ஸ்பூன்

அண்ணன் இறந்த பத்தாம் நாள் அவள் அம்மா வீட்டுக்கே குடிவந்தாள். வந்ததும் வராததுமாக, சமையலறையைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று இறங்கினாள். துக்கத்தை என்ன செய்வதென்று தெரியாதவர்களில் சிலர் எதையாவது தேய்த்துக் கழுவிக்கொண்டே இருப்பார்கள். அவள் அந்த ரகம். பிடி ஆடிய சட்டி, மூடி இல்லாத டப்பாக்கள், உப்பு ஜாடிக்குள் கிடந்த மூளி ஸ்பூன் எல்லாம் குப்பைக்குப் போயின. ஜாடிக்குப் பளபளவென்று புது ஸ்பூன் வந்தது. அம்மா கதவோரம் நின்று பார்த்தாள்.

அதற்குப் பிறகுதான் அம்மாவின் சமையல் கெட்டது. ஒரு நாள் வாயில் வைக்க முடியாமல் கரித்தது. மறுநாள் சப்பென்று கிடந்தது. எப்பேர்ப்பட்ட கை அது! அண்ணன் இருந்தவரை, வந்த போதெல்லாம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, மீதியையும் டப்பாவில் அடைத்துக்கொண்டு போனவள் இவள்.

துக்கம் விசாரிக்க வந்த பெரியம்மா ஒரு வாய் வைத்ததும் தட்டைத் தள்ளினாள். "பாவம், பிள்ளையோட சேர்ந்து கைப்பக்குவமும் போயிடுச்சு" என்றாள், அம்மாவின் காதுபடவே. மனதில் பட்டதைச் சொல்லாவிட்டால் அந்த மனுஷிக்குத் தலை வெடித்துவிடும்.

மறுநாள் காலை அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டாள். "இனிமே நீயே பண்ணிக்கோ. எனக்கு ஒண்ணும் வேணாம்."

வரும் ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் பிறந்தநாள். வருஷா வருஷம் அவனோடு வேலை பார்த்தவர்கள் ஆறேழு பேர் வந்து அம்மா கையால் சாப்பிடுவார்கள். இந்த வருஷமும் வரச் சொல்லியிருந்தது. "கடையில வாங்கிப் போட்டுடு" என்றாள் அம்மா, சுவரைப் பார்த்துக்கொண்டே. ரெண்டு வாய் ரொட்டி, அரை டம்ளர் டீ, அவ்வளவுதான் அவள் சாப்பாடு. நாலே நாளில் கன்னம் ஒட்டிவிட்டது. அண்ணனைப் பறிகொடுத்தது போதாதென்று அம்மாவையும் பறிகொடுத்துவிடுவோமோ என்று மகளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை மாலை நெட்டை வந்தான். அண்ணனோடு பதினைந்து வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன். அண்ணனின் டூல்ஸ் பெட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் இறக்கினான்.

"ஞாயித்துக்கிழமைக்கு இப்பவே வயித்தைக் காயப் போட்டுட்டோம், தங்கச்சி" என்று சிரிக்கப் பார்த்தான்.

"அம்மா சமைக்கறதில்லண்ணா. உப்பே பிடிபட மாட்டேங்குது. ஒரு நாள் அள்ளிக் கொட்டறாங்க, ஒரு நாள் போட்ட மாதிரியே இல்ல."

நெட்டை நிமிர்ந்தான். "ஏன், அந்த ஸ்பூன் என்னாச்சு?"

"எந்த ஸ்பூன்?"

அவன் உள்ளறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நாலு வருஷம் முன்னாடி அம்மாவுக்குக் காய்ச்சல் வந்துச்சே, அப்பவே நாக்குல ருசி போயிடுச்சு. அவங்க யார்கிட்டயும் மூச்சு விடல. சந்தேகத்துல ரெண்டு ஸ்பூன் போடற இடத்துல மூணு போட்டாங்க. உங்கண்ணன் அதைச் சொல்லிக் காட்டுவானா? ஸ்பூனை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு வந்து மூணு போட்டாலும் ரெண்டு ஸ்பூன் உப்புதான் விழணும்னு அரத்தால விளிம்பைத் தேய்ச்சான். மறுநாள் சாப்பாட்டைக் கொண்டு வந்து எங்க வாயில திணிக்காத குறை. 'இன்னும் கரிக்குதாடா?' கரிக்குதுன்னா மறுபடி தேய்ப்பான். ஒரு வாரம் எங்க நாக்குதான் பலி."

அவளுக்கு நினைவு வந்தது. மூளி ஸ்பூன்! "ஐயோ, நான் குப்பையில போட்டுட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அண்ணன் அப்படித்தான். சின்ன வயதில் இவளுக்குக் கொல்லைப்புறக் கக்கூசுக்குத் தனியாகப் போகப் பயம். பயந்தாங்கொள்ளி என்று யாரும் கேலி செய்துவிடக் கூடாதே என்று, அவன் விசில் பழகுகிறவன் மாதிரி வெளியே நின்றுகொண்டிருப்பான். கடைசிவரை அவனுக்கு விசில் சரியாக வரவில்லை. அவன் எதற்காக நின்றான் என்பதே இவளுக்கு இருபது வயதில்தான் உறைத்தது.

"அழாத. அளவு என்கிட்ட இருக்கு" என்று நெட்டை கட்டைவிரலை நீட்டினான். "இந்த நகம் அதுல கச்சிதமா உக்காரும். நான்தான் அளவுக்கு விரல் கொடுத்தேன்."

அவள் பெட்டியைத் திறந்தாள். அரம் பழைய துணியில் பத்திரமாகச் சுற்றியிருந்தது. புது ஸ்பூனை எடுத்துவந்து தேய்த்தாள், நெட்டையின் விரலில் வைத்துப் பார்த்தாள், மறுபடி தேய்த்தாள்.

"ஸ்பூனை மட்டும் தேய், தாயே. நகம் எனக்கு வேணும்" என்றான் நெட்டை. அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சனிக்கிழமை மதியம் அம்மாவின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். "ஞாயித்துக்கிழமைய விடும்மா. எனக்குப் பசிக்குது. ரெண்டு உருளைக்கிழங்கு வதக்கிக் கொடேன்."

பிள்ளை பசி என்றால் எந்த அம்மா படுத்திருப்பாள்? முனகிக்கொண்டே எழுந்து வந்தாள். கிழங்கு வெந்ததும் உப்பு ஜாடிக்குள் கையை விட்டாள். கை அப்படியே நின்றது. ஸ்பூனை வெளியே எடுத்து, விளிம்பைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினாள்.

"கையைக் கீறுதேடி" என்றாள். "உங்கண்ணன் ஓரமெல்லாம் வழவழன்னு தேய்ச்சிருந்தான்."

"உனக்குத் தெரியுமாம்மா?"

"தினமும் அதைக் கையில பிடிக்கறவ நான். தெரியாம எப்படி? அவன் திரும்பக் கேட்டு வாங்கிச் சாப்பிட ஆரம்பிச்சப்பவே புரிஞ்சுபோச்சு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சு அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். அதை ஏன் கெடுக்கணும்?"

"நான் தூக்கிப் போட்டப்ப ஏம்மா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ காலம்பூரா அழுதுட்டு இருப்ப. குத்துமதிப்பா சமாளிச்சுடலாம்னு பார்த்தேன். முடியல." அம்மாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. மகன் போன நாளிலிருந்து அவள் இப்படி அழவில்லை.

பிறகு முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, ஸ்பூனால் மூன்று தடவை உப்பைப் போட்டுக் கிளறினாள். தட்டில் எடுத்து மகள் முன்னால் வைத்துவிட்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய். தட்டை வழித்துவிட்டு மறுபடி நீட்டினாள்.

"நெட்டைக்குப் போன் போடு" என்றாள் அம்மா. "நாளைக்கு எத்தனை பேர் வராங்கன்னு கேளு."