கீபோர்டைத் தொட்டவள்

வகுப்பில் இருப்பவர்கள் எல்லாரும் முட்டாள்கள் என்பது அண்ணிக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது. இரண்டாவது வாரத்தில் வாத்தியாரையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டாள்.

வாத்தியாருக்கு அவள் வைத்த பெயர் 'அடுத்த பக்கம்'. புரொஜெக்டர் சுவரில் எழுத்தைக் காட்டும். அந்த எழுத்தை அவர் வாசிப்பார். வாசித்து முடித்ததும் "அடுத்த பக்கம்" என்பார். யாராவது சந்தேகம் கேட்டால் "அது பின்னாடி வரும்" என்பார். பின்னாடி எதுவும் வந்ததில்லை. இதற்கு ஒரு மனுஷன் எதற்கு, சுவரே போதுமே என்று அண்ணி நினைத்துக்கொள்வாள். நினைத்ததைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி சொல்லவும் செய்வாள்.

அவளை அண்ணி என்று கூப்பிட உரிமை உள்ளவள் அங்கே ஒருத்திதான், புருஷனுடைய தங்கை. அந்த நாத்தனார் வராந்தாவிலும் கேண்டீனிலும் "அண்ணி, அண்ணி" என்று கூவிக் கூவி, நரைத்த தாடி லாரி டிரைவர் முதல் நேற்றுப் பள்ளிக்கூடம் முடித்த பெண்கள் வரை எல்லாருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். வயதில் மூத்த அந்த டிரைவர் ஒருநாள் "அண்ணி, இந்த ஒயரை எதுல சொருகணும்?" என்று கேட்டபோது, "உங்க காதுல" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

சமுதாயக் கல்லூரியில் மாலை வகுப்பு. கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிங். சேர வேண்டும் என்று முடிவெடுத்தது அண்ணி. பகலில் ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறாள். இயந்திரத்திலிருந்து ஆவியோடு வெளியே வரும் விரிப்பை இரண்டு பேர் மூலைக்கு மூலை பிடித்து, உதறி, மடித்து, அடுக்க வேண்டும். கணக்கில் தங்கப்பதக்கம் வாங்கின கை விரிப்பு மடிக்கிறது என்ற நினைப்பு ஒவ்வொரு மடிப்பிலும் அவளுக்கு வரும். இதிலிருந்து வெளியே வரத்தான் படிப்பு. "நானும் வர்றேனே அண்ணி, வீட்ல தனியா உக்காந்து என்ன பண்ணப்போறேன்" என்று நாத்தனார் ஒட்டிக்கொண்டாள். போன் உறை விற்கிற கடையில் நாள் முழுக்க வாயடித்தது போதாமல் மாலையிலும் வாயடிக்க அவளுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. அவ்வளவுதான் என்று அண்ணி முடிவுகட்டினாள்.

ஆய்வுக்கூடத்தில் இரண்டு இரண்டு பேராக உட்கார வேண்டும். வேறு யார், இவர்கள் இரண்டு பேரும்தான். கீபோர்டு அண்ணியின் மடியை விட்டு நகராது. நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்பாள், பின்வரிசைக்காரர்களோடு சிரிப்பாள், அவர்கள் வீட்டுக் கதையெல்லாம் கேட்பாள். மதிப்பெண் மட்டும் இரண்டு பேருக்கும் சமம்.

"என் முதுகுல சவாரி பண்றா உங்க தங்கச்சி" என்பாள் அண்ணி, வீட்டில் புருஷனிடம்.

"கனமா இருந்தா இறக்கி விடேன்" என்பான் அவன், டிவியிலிருந்து கண்ணெடுக்காமல்.

இரண்டாவது பருவம் முடிகிற சமயத்தில் ஒரு செய்தி வந்தது. கல்லூரியின் நெட்வொர்க் அறைக்கு ஓர் உதவியாளர் வேண்டும். இந்த வகுப்பிலிருந்தே ஒருவரை எடுப்பார்கள். செய்முறைத் தேர்வு முடிந்ததும் ஆளைத் தானே சொல்வதாக அடுத்த பக்கம் அறிவித்தார். ஏசி அறை, சுழலும் நாற்காலி, கழுத்தில் பட்டையோடு அடையாள அட்டை.

அண்ணி மறுநாளே சலவைக்கூடத்துச் சூப்பர்வைசரிடம் போனாள். எல்லாரையும் 'வாம்மா போம்மா' என்று ஒரே மாதிரி பேசுகிற, கால் வீங்கின கனத்த பெண் அவள்.

"அடுத்த வாரத்திலேருந்து வரமாட்டேன். உங்க விரிப்பை நீங்களே மடிச்சுக்குங்க."

சூப்பர்வைசர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சரிம்மா" என்றாள். அவ்வளவுதான்.

புருஷன்தான் கொஞ்சம் பதறினான். "கிடைச்சப்புறம் சொல்லியிருக்கலாமே?"

"எனக்குக் கிடைக்காம வேற யாருக்குக் கிடைக்கும்? உங்க தங்கச்சிக்கா?"

அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தங்கச்சி சிரித்தாள். "நல்லா கேட்டீங்க அண்ணி."

தேர்வு இதுதான். ரவுட்டர் என்கிற பெட்டிகள் எல்லாம் கல்லூரியின் அடித்தளத்தில் பூட்டின அறையில் இருக்கும். மாணவர்கள் மேலே மூன்றாவது மாடியில் உட்கார்ந்து, நெட்வொர்க் வழியாகவே தங்கள் பெட்டிக்குள் நுழைந்து, கேட்டதைச் செய்ய வேண்டும். கேட்டது: யார் இந்தப் பெட்டிக்குள் வரலாம், யார் வரக்கூடாது என்று ஒரு பட்டியல் போடுவது. வாசலில் காவலாளியை நிறுத்துகிற மாதிரி. இடையில் ஏதாவது சொதப்பிப் பெட்டி பேச்சு மூச்சில்லாமல் போனால், கீழே போய் ஸ்டோர்க்காரரிடம் சாவி கேட்டு நேரே ஒயரைச் சொருகலாம். ஆனால் கீழே போனால் தேர்வு போச்சு.

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. தூரத்திலிருந்து ஆபத்தான மாற்றம் எதையாவது செய்வதற்கு முன்னால், அதுவரை செய்ததைச் சேமித்துவிட்டு, 'பத்து நிமிடம் கழித்து நீயாகவே அணைந்து எழுந்திரு' என்று பெட்டிக்கு ஒரு கட்டளை கொடுத்து வைப்பார்கள். மாற்றம் சரியாக அமைந்தால் அந்தக் கட்டளையை ரத்து செய்துவிடலாம். தப்பாகி, செய்தவனே வெளியே மாட்டிக்கொண்டால், பத்து நிமிடத்தில் பெட்டி தூங்கி எழுந்து, சேமிக்காத தப்பை மறந்துவிடும். அடுத்த பக்கம் தம் வாழ்நாளில் சுவரைப் பார்க்காமல் சொன்ன ஒரே விஷயம் அதுதான்.

"அது தப்பு பண்றவங்களுக்கு" என்று அன்றைக்கே அண்ணி சொல்லிவிட்டாள். ஒருநாளும் அவள் அதைப் போட்டதில்லை. ஒருநாளும் மாட்டிக்கொண்டதும் இல்லை.

தேர்வன்று கேள்வித்தாளைப் பார்த்ததும் அவளுக்கு உச்சி குளிர்ந்தது. இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு ஒரே முகவரி அச்சாகியிருந்தது. ஒரே கதவு எண்ணை இரண்டு வீட்டுக்குக் கொடுத்த கதை. எழுந்து, தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, வகுப்பின் நடுவழியே மெதுவாக நடந்து, முன்னால் போனாள்.

"சார், கேள்வி கேக்கறவங்களுக்காவது நெட்வொர்க் தெரிஞ்சிருக்கணும் இல்லையா?"

அடுத்த பக்கம் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "தட்டச்சுப் பிழைம்மா. கடைசியில ஒண்ணு கூட்டிக்குங்க."

"நான் கூட்டிக்குவேன். இவங்கல்லாம் என்ன பண்ணுவாங்க?" என்று வகுப்பைக் காட்டினாள்.

"இவங்களும் கூட்டிக்குவாங்க" என்றார் லாரி டிரைவர், திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமல். யாரோ சிரித்தார்கள்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். நாத்தனார் பிஸ்கட் துணுக்கை மேசையிலிருந்து தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். அண்ணி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். தடுக்க வேண்டியவர்களை ஒவ்வொருவராகத் தடுத்தாள். இவன் வரக்கூடாது. அவன் வரக்கூடாது. இந்தக் கட்டிடமே வரக்கூடாது. விரல் ஓடுகிற ஓட்டத்தில் அவளுக்கே ஒரு சந்தோஷம்.

"அண்ணி, நம்ம மெஷின் வரலாம்னு ஒரு வரி..."

"நீ சும்மா இரு. வாயில பிஸ்கட் இருக்குல்ல, அதை முழுங்கு."

பட்டியலை வாசலில் மாட்டி எண்டரைத் தட்டினாள். திரை நின்றது. இன்னொரு தடவை தட்டினாள். எழுத்து விழவில்லை.

அப்படிப்பட்ட பட்டியல் எதுவானாலும் அதன் அடியில் யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு வரி உண்டு. 'மேலே வரலாம் என்று சொல்லப்படாத எவரும் வரக்கூடாது.' போன வாரம்தான் அதை லாரி டிரைவருக்கு, சின்னக் குழந்தைக்குச் சொல்வது போல இழுத்து இழுத்து விளக்கியிருந்தாள். இன்று அவள் பட்டியலில் வரலாம் என்று சொல்லப்பட்டவர் ஒருவர்கூட இல்லை.

"குப்பைப் பெட்டி" என்றாள். "இந்தக் காலேஜுல எது ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு?" ஒயரைப் பிடுங்கிச் சொருகினாள். கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினாள். ஒன்றும் ஆகவில்லை. ஆகாது என்பதும் அவளுக்குத் தெரியும். கண்முன்னால் ஆவி பறக்க ஒரு விரிப்பு வந்தது. கையை நாற்காலியில் ஊன்றி எழுந்தாள்.

"எங்க அண்ணி?"

"கீழ. வேற எங்க போறது?"

"உக்காருங்க. கொஞ்ச நேரம் பொறுங்க."

"பொறுத்தா? வானத்துலேருந்து யாராச்சும் இறங்கி வந்து சரி பண்ணுவாங்களா?"

"உக்காருங்கன்னா உக்காருங்க" என்றாள் நாத்தனார். இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை அண்ணி கேட்டதில்லை. கால் தானாக மடங்கி உட்கார்ந்துவிட்டது.

நாத்தனார் பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினாள். அண்ணி எடுக்கவில்லை. சுற்றிலும் முட்டாள்கள் தட்டிக்கொண்டிருந்தார்கள். லாரி டிரைவர் ஒவ்வோர் எழுத்தையும் தேடித் தேடி அழுத்தினார். அவர் திரை உயிரோடு இருந்தது.

பிறகு திடீரென்று இவர்கள் திரையிலும் ஒரு வரி விழுந்தது. கடவுச்சொல் கேட்டது. பெட்டி எழுந்துவிட்டது. சேமித்ததெல்லாம் அப்படியே இருந்தது. தப்பான பட்டியல் மட்டும் காணோம்.

அண்ணி திரும்பிப் பார்த்தாள். "நீயா?"

"நீங்க சார்கிட்ட போனீங்கல்ல, அப்ப போட்டேன்."

"யாரைக் கேட்டுப் போட்டே?"

"எப்பவும் போடுவேன் அண்ணி" என்றாள் நாத்தனார், சாதாரணமாக. "முதல் பருவத்திலேருந்து. நீங்க எதாச்சும் சொல்லிக்காட்ட எந்திரிச்சுப் போவீங்க, அப்ப போடுவேன். வேலை முடிஞ்சதும் பெருமையா சார்கிட்ட காட்டப் போவீங்க, அப்ப எடுத்துருவேன். உங்களுக்கு அவசரம் ஜாஸ்தி. சரி, நேரம் போகுது. நம்ம மெஷினை முதல்ல போடுங்க."

அண்ணி போட்டாள். காது மடல் சுட்டது. நாத்தனார் சொன்ன வரியை முதலில் போட்டு, மீதியை மறுபடி தட்டினாள். எல்லாம் ஒழுங்காக நின்றது. நேரமும் மிச்சம் இருந்தது. நியாயமாக அங்கேயே வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

அடுத்த பக்கம் மேசை மேசையாக வந்தார். இவர்கள் திரையைப் பார்த்தார், தலையாட்டினார், பிறகு குனிந்து இன்னொரு வரியைப் படித்தார். பெட்டி கடைசியாக எப்போது எழுந்தது என்று அது காட்டும்.

"நடுவுல ஒரு தடவை எந்திரிச்சிருக்கே?"

நாத்தனார் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் அண்ணியுடையதாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள் போல. 'நான்தான் சார், பாதுகாப்புக்கு' என்று ஒரு வரி. வேலை, நாற்காலி, பட்டை எல்லாம் அந்த ஒரு வரியில் இருந்தது. அது அண்ணிக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வருஷம் முழுக்க முதுகுக்குப் பின்னால் ஒருத்தி தன் விரலுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தாள் என்ற எரிச்சல் முந்திக்கொண்டது.

"சார், நீங்களே கேளுங்க இந்த அநியாயத்தை" என்றாள். "நான் இல்லாத நேரம் பாத்து என் கீபோர்டைத் தொட்டிருக்கா. பத்து நிமிஷக் கட்டளையைப் போட்டிருக்கா. இன்னைக்கு மட்டுமில்ல, ஒவ்வொரு தடவையும். எனக்கே தெரியாம. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லல."

அடுத்த பக்கம் நிமிர்ந்தார். அவர் முகத்தில் முதன்முறையாக அண்ணி ஓர் ஆர்வத்தைப் பார்த்தாள்.

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்" என்றாள் அண்ணி. தன் கட்சிக்கு ஆள் கிடைத்த வேகத்தில், "ஒருநாள்கூட விட்டதில்லையாம். வேலை முடிஞ்சதும் எடுத்தும் விட்டுருவாளாம். கேட்டா சிரிக்கறா" என்றும் சேர்த்துச் சொன்னாள்.

அவர் நாத்தனாரைப் பார்த்தார். "திங்கட்கிழமை நெட்வொர்க் ரூமுக்கு வாங்கம்மா" என்றார். அடுத்த மேசைக்குப் போனார்.

பேருந்தில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள். ஜன்னல் பக்கம் அண்ணி.

"நான் வேணும்னு பண்ணல அண்ணி."

"நீ எதைத்தான் வேணும்னு பண்ணே? உனக்கெல்லாம் தானா நடக்கும்."

"எனக்கு வேணாம்னு சொல்லிரட்டுமா?"

"சொல்லிப் பாரு. உன் பிச்சை யாருக்கு வேணும்?"

இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தபோது, அண்ணி பார்க்கும் முன்பே நாத்தனார் மணியை அழுத்தினாள். அண்ணி அதைக் கவனித்தாள். கவனிக்காத மாதிரி எழுந்தாள்.

திங்கட்கிழமை காலையில் இருவரும் ஒன்றாகத்தான் வீட்டை விட்டுக் கிளம்பினார்கள். தெரு முனையில் பிரிந்தார்கள். சலவைக்கூடத்தின் பின்கதவில் அண்ணி கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே இயந்திரம் இரைந்தது. என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை உள்ளே நுழைந்ததும் மறந்துவிட்டாள்.

சூப்பர்வைசர் விரிப்பு ஒன்றைத் தனியாளாகப் பிடித்துத் தடுமாறிக்கொண்டிருந்தாள். "லேட்டும்மா" என்றாள்.

"நான் வரமாட்டேன்னு சொல்லியிருந்தேனே."

"சொன்னே."

"ஆபீஸ்ல சொல்லிருப்பீங்க..."

"இல்ல." சூப்பர்வைசர் வீங்கின காலை மாற்றி நின்றாள். "உன் மூஞ்சியைப் பாத்தேன். ரெண்டு நாள் போகட்டும்னு விட்டுட்டேன். இந்த மூலையைப் பிடி."

எனக்குத் தெரியாமல் முட்டுக்கொடுக்க இவளும்தானா என்று அண்ணி நினைத்தாள். நன்றி என்ற வார்த்தை தொண்டை வரை வந்து கசந்தது. மூலையைப் பிடித்தாள். விரிப்பு சுட்டது. இருவரும் உதறினார்கள், ஒன்றாகச் சேர்த்தார்கள். எதிர்ப்பக்கத்து மடிப்பு ஒரு விரல்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"கோணல்" என்றாள் அண்ணி. "இத்தனை வருஷமா இப்படித்தான் மடிக்கறீங்களா? விடுங்க. உதறி முதல்லேருந்து பிடிங்க."