நான்கு நிமிடம் திறந்திருந்த மூடி

எனக்கு வாய்த்துடுக்கு அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரியாபட்டியில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்துகொண்டு, எங்கெங்கோ இருக்கிற கம்பெனிகளின் சர்வர்களைப் பாதுகாப்புத் தணிக்கை செய்வது என் பிழைப்பு. "வாசப்படி மிதிக்காமலே அவங்க வண்டவாளத்த எடுத்துருவேன்" என்று தங்கச்சி கற்பகத்திடம் பீற்றிக்கொள்வேன். அவளும் பாவம், கேட்டுக்கொள்வாள்.

ஒவ்வொரு சர்வருக்குள்ளும் ஒரு குட்டிக் கன்ட்ரோலர் இருக்கும். சர்வரை அணைத்தாலும் அது அணையாது. பிளக்கில் கரண்ட் இருக்கிறவரை விழித்திருந்து, எப்போது பவர் போட்டார்கள், எப்போது சூடேறியது, யாராவது மூடியைக் கழற்றினார்களா என்று எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதிவைக்கும். அந்தப் பதிவுகளை இருந்த இடத்திலிருந்தே திரட்டி, எங்கே ஓட்டை, எவன் கைவைத்தான் என்று ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். திரட்டுகிற புரோகிராம் நானே எழுதியது. அதில் எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல.

போன ஜனவரியில் அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்று என்னிடம் வந்தது. அங்கே மூன்று சர்வர்கள், அவற்றைப் பார்த்துக்கொள்ள முனியராஜ் என்று ஒருவன். சர்வர் அறைச் சாவி அவனிடம் மட்டும்தான். நான் கேட்ட கேபிளை மாட்டிவிட்டுப் போனில் கூப்பிட்டான்.

"அக்கா, மாட்டிட்டேன். இப்பத் தெரியுதா பாருங்க."

"தெரியுது. கன்ட்ரோலர் பாஸ்வேர்ட கம்பெனில இருந்து வந்தபடியே விட்டு வச்சிருக்கீகளே, வீட்டத் திறந்து போட்டுட்டுச் சந்தைக்குப் போற மாதிரி?"

அவன் சிரித்துவிட்டான். "மாத்திப்புடுறேன்க்கா. கொஞ்சம் பாத்து எழுதுங்க. எங்க அப்பா வேலுச்சாமி மருந்துலதான் போனாரு. அம்மா இன்னும் மருந்துக்குத்தான் போகுது. எங்க வீட்ல மருந்து தொடாத கை என்னுது ஒண்ணுதான். இந்த வேலை போச்சுன்னா நானும் அங்கனதான் போய் நிக்கணும்."

மருந்து என்றால் எங்கள் பக்கம் வெடிமருந்து. எனக்கு அது தெரியாதா? தெரிந்தும், "பதிவுல என்ன இருக்கோ அதத்தான் எழுதுவேன்" என்று வெடுக்கென்று சொன்னேன்.

இரண்டு நாளில் கண்டுபிடித்தேன். மூன்றில் பழைய சர்வரின் மூடி, அக்டோபரில், ஆயுத பூசைக்கு முந்தின இரவு பதினொன்று பன்னிரண்டுக்குத் திறந்திருக்கிறது. பதினொன்று பதினாறுக்கு மூடியிருக்கிறது. அப்போது சர்வர் அணைந்திருந்ததால் வேறு எதிலும் தடம் இல்லை, கன்ட்ரோலர் மட்டும் பார்த்திருக்கிறது. விடிந்தால் லீவு, கம்பெனியில் ஈ காக்கை இருக்காது. உள்ளூர்க்காரி என்பதால்தானே இதெல்லாம் புரிகிறது என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். 'அனுமதியின்றி இரவில் சர்வர் திறக்கப்பட்டுள்ளது, சாவி வைத்திருப்பவரை விசாரிக்கவும்' என்று சிவப்பில் போட்டு அனுப்பினேன்.

மேனேஜர் சங்கிலிமுத்து கூப்பிட்டார். "மேடம், பய ராத்திரி வரவே இல்லங்கான். சத்தியம் பண்ணுதான். நல்லாப் பாத்தீகளா?"

"மெஷின் எதுக்கு சார் பொய் சொல்லப் போகுது?" என்றேன்.

மறுநாள் முனியராஜே கூப்பிட்டான். "அக்கா, அந்த ராத்திரி நான் வீட்லதான்க்கா இருந்தேன். இன்னொருக்கா மட்டும் பாருங்கக்கா. ஒரே ஒருக்கா."

விசாரணையில் இருக்கிற ஆளிடம் பேசக் கூடாது என்பது எங்கள் தொழில் விதி. "எதுனாலும் மேனேஜர்ட்ட பேசுங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன். இன்னொருக்கா பார்க்கவும் இல்லை. பார்த்திருந்தால் பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

ஜூன் மாதம் அதே கம்பெனிக்கு மறு தணிக்கை. பழைய சர்வரின் பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தினமும் அதிகாலை மூன்று முப்பத்தொன்றுக்கு யாரோ பவர் போடுகிறார்கள். கம்பெனி திறப்பதே ஒன்பது மணிக்கு. இந்நேரத்தில் எந்தப் பேய் வந்து சுவிட்ச் போடுகிறது என்று முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

மூன்று முப்பத்தொன்றோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் ஒன்பது ஒன்று. அந்தப் பழைய கன்ட்ரோலர் நம் ஊர் நேரத்தில் எழுதவே இல்லை, நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரத்தில் எழுதியிருக்கிறது. மற்ற இரண்டு சர்வர்களும் நம் நேரத்தில் எழுதியதால் இதுவும் அப்படித்தான் என்று என் புரோகிராம் எடுத்துக்கொண்டது. நான்தானே எழுதினேன் அதை. அந்த அக்டோபர் வரியை எடுத்துக் கூட்டினேன். இரவு பதினொன்று பன்னிரண்டு இல்லை. விடியற்காலை நான்கு நாற்பத்திரண்டு. ஆயுத பூசையன்று, பிரம்ம முகூர்த்தம். அட பாவி மகளே என்று என்னையே திட்டினேன்.

உடனே சங்கிலிமுத்துவைக் கூப்பிட்டேன். "சார், முனியராஜ் இப்ப எங்க இருக்காரு?"

"உங்களுக்குத் தெரியாதா மேடம்? நாங்க நிறுத்தின பெறகு வேற எங்கயும் எடுக்கல. திருட்டுப் பேரு வந்துருச்சுல்ல. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுப் பட்டறைக்கு மருந்து கலக்கப் போனான். மார்ச்ல அங்க வெடிச்சதுல போய்ட்டான் மேடம்."

நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். கற்பகம் மேலே ஓடி வந்து என்ன என்ன என்று கேட்டாள். என்ன சொல்வது? அன்றே ரிப்போர்ட்டைத் திருத்தி, தவறு என்னுடையது என்று எழுதி அனுப்பினேன். கிடைத்தது என்று ஒரு வரி பதில் வந்தது.

மறுநாள் அச்சங்குளத்துக்குப் பஸ் ஏறினேன். முதல்முறையாக.

அவன் அம்மா குருவம்மாள் வீட்டில்தான் இருந்தார். மகன் போனபின் வேலைக்குப் போகவில்லையாம். சுவரில் முனியராஜின் படம். போனில் கேட்ட குரலுக்கு இப்போதுதான் முகம் பார்க்கிறேன்.

"யாரு தாயி?"

"காரியாபட்டிம்மா. அழகுமீனா."

"அந்தக் கம்ப்யூட்டர் அக்காவா? உக்காருங்க தாயி. தண்ணி குடிக்கீகளா? ஒங்களப் பத்திச் சொல்லுவான். சுருக்குனு பேசுவாக, ஆனா நல்லவுக, எப்படியும் இன்னொருக்கா பாப்பாகன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். பட்டறைக்குப் போன பெறகும் தெனமும் போனப் பாத்துக்கிட்டுத்தான் கெடந்தான்."

அவர் கொடுத்த செம்பைக் கீழே வைத்தேன். குடிக்க முடியவில்லை.

"அம்மா, அவரு சொன்னது நெசம். ராத்திரி அவரு தெறக்கல. பூசையன்னைக்கு விடியக்காலைலதான் மூடி தெறந்திருக்கு. நான் நேரத்தத் தப்பாப் போட்டுட்டேன். எல்லாம் என் தப்பும்மா."

குருவம்மாள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம், இரண்டு அறை விட்டிருக்கலாம். அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

"பூசையன்னைக்கா? பெட்டிக்குப் பொட்டு வைக்கத்தான போனான்! நான்தான் சந்தனம் அரைச்சுக் குடுத்தேன். வெளிய வச்சா தூசி தொடைக்கையில அழிஞ்சிரும், வருசம் பூரா இருக்கட்டும்னு மூடியக் கழட்டி உள்ளார வச்சேன்மான்னு வந்து சொன்னான். அவுக ராத்திரி ராத்திரின்னே கேட்டாகளா, அவனுக்கும் இது ஞாபகம் வரல, எனக்கும் வரல." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "நான் அரைச்ச சந்தனமா தாயி அவனக் கொண்டுபோச்சு?"

"இல்லம்மா! நான்தாம்மா. நான்தான்."

இருவரும் அழுதோம். வெகுநேரம் கழித்து அவர் கேட்டார்.

"அவன் தெறந்தது அந்தப் பெட்டில இன்னும் இருக்கா?"

"இருக்கும்மா."

"வாசிங்க."

பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தேன். இந்தமுறை சரியாகக் கூட்டி வாசித்தேன். "விடியக்காலை நாலு நாப்பத்திரண்டுக்கு மூடி தெறந்திருக்கு. நாலு நாப்பத்தாறுக்கு மூடியிருக்கு."

"நாலு நிமிசமா? ஒரு பொட்டு வைக்க எதுக்கு அம்புட்டு நேரம்?" அவர் படத்தைப் பார்த்தார். "கும்பிட்டிருப்பான். இந்த வேல நெலைக்கணும்னு கும்பிட்டுக்கிட்டு நின்னுருப்பான்."

நான் லேப்டாப்பை மூடப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொருக்கா வாசிங்க தாயி."

இன்னொருக்கா வாசித்தேன்.