புல் போதும் என்று எழுதியவள்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. பல் மருத்துவரின் வரவேற்பறையில், வீங்கிய கன்னத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி சொன்னது. வனத்துறையில் விலங்குகளைக் கணக்கெடுப்பவர். நான் எழுதுகிறவன் என்று தெரிந்ததும், "எழுதுங்க. ஆனா என்னை நல்லவளாக்கிடாதீங்க" என்றார். (கதைக்குள் அவரை 'அவள்' என்றே எழுதுகிறேன். அனுமதி வாங்கியாயிற்று.)

2

மழை பொய்த்த அந்த ஆண்டில்...

(அடித்துவிட்டேன். போனில் படித்துக் காட்டியபோது, "மழை நல்லாத்தான் பெஞ்சது. அது தலையில பழியைப் போடாதீங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டார்.)

சரி, நடந்தபடியே சொல்கிறேன். சுற்றுச்சுவர் எழுப்பிய அறுபது ஏக்கர், பழைய நீரேற்று நிலைய வளாகம். பன்னிரண்டு மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அடித்துத் தின்ன விலங்கில்லை. நாய் நுழைய வழியில்லை. பன்னிரண்டு பதினெட்டாகி, நாற்பதாகி, பதினான்காம் ஆண்டில் இருநூற்றுப் பத்து.

அவள் மான்களை மட்டும் பார்க்கவில்லை. மரங்களில் மான் எட்டும் உயரம்வரை ஓர் இலைகூட இல்லை. நூல் பிடித்துக் கத்தரித்ததுபோல் ஒரே மட்டம். நூற்றுப் பத்துக்குமேல் அந்த மண் தாங்காது என்றது அவள் கணக்கு.

[வேறு காட்டுக்கு அனுப்பலாமே என்கிறீர்கள். அவளும் கேட்டாள். மூன்று கடிதங்கள். மூன்றுக்கும் ஒரே பதில்: எங்களிடமே அதிகம்.]

மிச்சமிருந்த வழி, நூறு மான்களைச் சுடுவது. பரிந்துரையில் அவள் கையெழுத்து வேண்டும்.

3

வளாகத்தின் காவலாளி அவளுடைய அண்ணன். மனைவி போனபிறகு மான்கள்தான் அவருக்கு எல்லாம். (இந்த அண்ணன்மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. கதைக்குத் தோதாக வந்து நிற்கிறாரே! ஆனால் அந்த வேலை காலியிருப்பதை அவருக்குச் சொன்னதே தங்கைதானாம்.)

"எண்ணத்தானே வந்தே? கொல்லவா வந்தே?"

"சுடலேன்னா பட்டினியில சாகும்ணா."

"எப்போ?"

"அடுத்த கோடையில."

"அடுத்த கோடைதானே? இன்னைக்கு எப்படித் துள்ளுதுங்க, பாரு."

பார்த்தாள். ஒரு குட்டி அண்ணனின் சட்டை நுனியைச் சப்பிக்கொண்டிருந்தது. அன்று மாலை படிவத்தில், 'இந்த ஆண்டுக்குப் புல் போதும்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். பொய் என்று தெரிந்தே.

4

கோடையில் முதலில் குட்டிகள் விழுந்தன. பிறகு தாய்கள். அண்ணன் வைக்கோல் கொண்டுவந்து கொட்டினார். பலமுள்ளவை முட்டித் தள்ளித் தின்றன. நோஞ்சான்கள் தள்ளி நின்று பார்த்தன. கால்நடை மருத்துவர் ஒரு தொடை எலும்பை உடைத்துக் காட்டினார். வெண்ணெய்போல் இருக்கவேண்டிய மஜ்ஜை சிவந்த கூழாக வழிந்தது. "உடம்புல கடைசியாக் கரையுற கொழுப்பு இதுதாம்மா."

நூற்றுப் பத்து மான்களாவது பிழைத்திருக்க வேண்டுமே? பசியில் புல்லை வேரோடு பிடுங்கித் தின்றிருந்தன. தாங்குகிற மண்ணும் சேர்ந்தே செத்தது. மிஞ்சியவை முப்பத்தேழு.

குழியை மூடிவிட்டு அண்ணன் மண்வெட்டியைச் சாய்த்தார். "நீ சொன்னே. நான்தான் கேக்கலே."

"உன்கிட்ட சொன்னேன். எழுத வேண்டிய இடத்துல எழுதலையேண்ணா."

5

வேறு முடிவுகளும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில், அவள் உண்மையை எழுதுகிறாள். நூறு மான்கள் சுடப்படுகின்றன. மற்றவை கொழுகொழுவென்று மேய்கின்றன. ஆனால் அண்ணன் அவளிடம் ஒருநாளும் பேசமாட்டார். வராமல் தடுத்த பட்டினியை அவருக்கு எதைக் கொண்டு காட்டுவாள்? இன்னொன்றில் சுவரேறி ஒரு சிறுத்தை குதித்து...

(வேண்டாம். எல்லாருக்கும் பதிலாகச் சிறுத்தையை வேலைக்கு வைப்பது சோம்பேறித்தனம்.)

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண்மணி போன் செய்தார். மூன்று ஆண்டுகளில் முப்பத்தேழு எழுபதாகிவிட்டதாம். மண் இன்னும் முழுசாகத் தேறவில்லை, அறுபதுதான் தாங்கும். இப்போதே பத்தைக் குறைத்தால் பின்னால் நூறு பிணம் விழாது.

"அண்ணன் என்ன சொல்றார்?"

"'எழுது'ன்னுட்டார். அத்தோட, 'எந்தப் பத்துன்னும் நீயே எழுதிடு'ன்னார். ஒவ்வொண்ணையும் அவருக்கு முகம் பார்த்துத் தெரியும்."

போனில் அவர் படிவத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"எந்தப் பத்து, சொல்லுங்க?"

பேனாவை இங்கே வைக்கிறேன். அவர் இன்னும் இணைப்பில்தான் இருக்கிறார், நீங்கள் பேசுங்கள்.