மீன் அளக்கிற பெண்

பிள்ளையார்பாளையத்தில் மங்கையர்க்கரசியின் வீட்டில் மீன் வாடையே அடித்ததில்லை. அப்படிப்பட்ட சைவ வீட்டுக்கு, சென்னையில் விலங்கியல் ஆராய்ச்சி செய்யும் மகள் ஏலவார்குழலி, லீவுக்கு வரும்போதெல்லாம் மருந்துத் தண்ணீரில் ஊறிய மீன்களை ஜாடி ஜாடியாகக் கொண்டுவந்தால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? திட்டித் தீர்த்தாள். ஜாடிகளை விறகுக் கொட்டகைக்குத் துரத்தினாள். குளிக்காமல் மகளை அடுப்படிப் பக்கமே விடவில்லை.

ஆனாலும் ஒருநாள், கொட்டகையில் மகள் அடிக்கோலால் மீன்களை அளந்து எழுதிக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டாள். "அளந்து அளந்து இன்னாத்தடி கண்டுபிடிக்கிற?"

"கடலுக்கு அடியில இருக்கிற குளுந்த தண்ணி மேல வர்ற வருசம் எரை கொழிக்குதும்மா. சின்ன மீனு தளதளன்னு வளருது. அதத் தின்ற வஞ்சிரமும் பெருசாவுது. தண்ணி சூடாவே கெடந்தா சின்னதும் சிறுத்துப்போவுது, பெருசும் சிறுத்துப்போவுது. வஞ்சிரத்து வயித்த அறுத்துப் பாத்தா தெரியும்."

"கருமம்" என்றாள் மங்கையர்க்கரசி. ஆனால் மகள் சொன்னது மனசில் தங்கிவிட்டது. பாவம், மீன் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டாள்.

எழுபத்திரண்டாம் வருசம் தை பிறந்ததும் பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைக் குடும்பம் பெண் பார்க்க வந்தது. குழலியின் அப்பா திருஞானசம்பந்தத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. பெண் பிடித்துவிட்டது. தாம்பூலத் தட்டையும் நடுவீட்டில் வைத்துவிட்டார்கள். அப்போதுதான் மாப்பிள்ளையின் தாய் காந்தா வாயைத் திறந்தாள்.

"படிச்சது போதும். கொட்டாயில மீனு ஜாடி இருக்குதாமே, இன்னிக்கே கொட்டிடுங்க. எங்க வீட்டுப் பொம்பளைங்க படி தாண்டுறதில்ல."

இன்னும் ஒரு வருசம் மீனவர்களோடு படகேறி மீன் சேகரித்தால்தான் குழலியின் ஆராய்ச்சி முடியும். அவள் முகம் செத்துவிட்டது. திருஞானசம்பந்தம் தலையைக் குனிந்துகொண்டார். மங்கையர்க்கரசிக்கோ பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஜாடிகளைத் திட்ட அவளுக்கு உரிமை உண்டு. கொட்டச் சொல்ல இவள் யார்?

தட்டைத் தூக்கிக் காந்தாவின் கையில் கொடுத்தாள்.

"எடுத்துக்கினு கெளம்புங்கம்மா."

"இன்னாடி பண்ற? ஊரு சிரிக்கும்" என்று பதறினார் திருஞானசம்பந்தம்.

"சிரிக்கட்டும். எம் பொண்ணு அங்க போயி சிறுத்துப்போவணுமா?"

காந்தா வாசலில் இறங்கித் திரும்பினாள். "மீனு அறுக்கிறவள எவன் கட்டுவான்?"

"கட்டுறவன் வரட்டும்மா" என்றாள் மங்கையர்க்கரசி. "அதுவரைக்கும் அவ வளந்துக்கினு இருப்பா."